இரண்டு அட்டைகளும் வாப்பாவின் கணக்கு நோட்டும்

சென்ற ஆண்டு ரமலானுக்கு முந்திய வாரத்தில் நம் இல்லத்திற்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தனர். பரணிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை இறக்கிக் கூடத்தில் பரப்பியபோது, ஈயம் பூசாத பித்தளைச் சட்டிகளுக்கும் முறிந்த தொட்டிற் கம்பு ஒன்றுக்கும் இடையே, சிவப்புத் துணியட்டை போட்ட நீண்ட நோட்டு ஒன்று அகப்பட்டது. நம் வாப்பா மர்ஹூம் அவர்கள் 1970களில் நடத்தி வந்த மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டு அது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. நடுப்பக்கங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சுண்ணாம்பைக் கலக்கி வைத்துவிட்டு ஆட்கள் நம்மைக் கூப்பிட்டுக் கொண்டேயிருக்க, நாம் அந்தத் தூசியிலேயே அமர்ந்து அதைப் புரட்டலானோம்.

அன்று மாலையே ஒரு வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி நம் கைப்பேசியில் அழைத்தார். வாழ்நாள் முழுவதும் கட்டணமில்லாத கடன் அட்டை ஒன்றுக்கு நாம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றோமாம். வேண்டா என்று பணிவாகச் சொன்னோம். "ஏன் சார், எல்லாரும் வைத்திருக்கிறார்களே?" என்றார். நாமும் ஒரு காலத்தில் வைத்திருந்ததனாலேதான் வேண்டா என்கின்றோம் என்பதை அந்தப் பிள்ளைக்கு விளக்க இரண்டு நிமிடம் போதாது. வைத்துவிட்டோம். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகின்றோம்.

வாப்பாவின் நோட்டில் இரண்டு கணக்குகள் உண்டு. முன்பக்கத்திலிருந்து பிரித்தால் பற்றுக் கணக்கு, அதாவது கடனுக்குச் சாமான் வாங்கியவர்களின் கணக்கு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பிரித்தால் முன்பணக் கணக்கு. அக்காலத்தில் நம் கடற்கரை ஊரின் ஆண்மக்களில் பலர் கடல் கடந்திருந்தனர். பினாங்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பணம் வந்து சேரும் நாள் எவருக்கும் தெரியாது. சில சமயம் மூன்று மாதம் வராது; பிறகு ஒரே நாளில் மொத்தமாக வரும். வராத மாதங்களில் பெண்கள் நோட்டின் முன்பக்கத்தில் இருந்தனர். வந்த நாளில் கடனைத் தீர்த்துவிட்டு, அவர்களுள் சிலர் நோட்டின் பின்பக்கத்திற்குக் குடிபெயர்ந்தனர். நூறு ரூபாயைக் கல்லாவில் வைத்து, "இது தீருமட்டும் கொடுங்க காக்கா" என்று சொல்லிச் செல்வார்கள். அரிசிக்கும் பருப்புக்கும் கழித்துக் கழித்து, மிச்சம் இரண்டு ரூபாயானதும் வாப்பா சிறுவனான நம்மை அனுப்பித் தகவல் சொல்வார்.

கடன் அட்டையையும் முன்பண அட்டையையும் கண்டுபிடித்தவர்கள் வெளிநாட்டார் என்று படிக்கின்றோம். அந்தப் பெருமையை அவர்களுக்கே கொடுப்போம். ஆயினும் இவ்விரண்டும் ஒரே நோட்டின் இரு முனைகளாக நம் வாப்பாவின் கல்லாப் பெட்டியடியில் கிடந்தன என்பதை இப்போதுதான் உணர்கின்றோம்.

பின்பக்கக் கணக்கிலிருந்தே ஒருபோதும் முன்பக்கத்திற்கு வராதவர் ஒருவர் இருந்தார். வடக்குத் தெரு மாமி என்று அழைப்போம். பணம் வராத மாதங்களில் அவர் வீட்டு அடுப்பு ஒருவேளைதான் புகையும். என்றாலும் கடன் கேட்டு வரமாட்டார். ஏனென்று உம்மா ஒருமுறை கேட்டதற்கு, ஜும்ஆப் பள்ளி மைதானத்துப் பயானில் தாம் கேட்ட செய்தியைச் சொன்னாராம்: மூன்று தீனார் கடனோடு இறந்துபோன ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கி நிற்க, அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்தார்கள் என்ற செய்தி. "எனக்கு ஏத்துக்கொள்ள யாரு இருக்கா?" என்று கேட்டாராம் மாமி.

மாமியின் பணத்தை வாப்பா கல்லாவில் கலப்பதில்லை. பால்மாவு டின் ஒன்றில் தனியே வைத்திருப்பார். மாமி சாமான் வாங்கும்போது அதற்குரிய காசை மட்டும் டின்னிலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுவார். இரண்டடி தூரத்திற்கு இவ்வளவு சடங்கா என்று நாம் சிரித்ததுண்டு. ஆனால் அதற்குள் ஒரு சட்டம் இருந்தது. பிறர் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் அது அமானத்து. அதை எடுத்து வியாபாரத்தில் போட்டுவிட்டால் அக்கணமே அது கடைக்காரன் தலையில் ஏறிய கடன். கடை தீப்பற்றி எரிந்தாலும் அவன் திருப்பித் தந்தேயாக வேண்டும். பள்ளி ஹஜ்ரத் அவர்கள் வாப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வங்கியல்லாத நிறுவனங்கள் முன்பண அட்டை வெளியிடுமாயின், மக்கள் செலுத்திய தொகையைத் தம் சொந்தப் பணத்தோடு கலவாமல் வங்கியில் தனிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் நெறிமுறைகளில் ரிசர்வ் வங்கி வகுத்திருப்பதைப் படித்தபோது, நமக்கு அந்தப் பால்மாவு டின்தான் கண்முன் நின்றது.

நிற்க. முன்பண அட்டையை அறியாதார் இன்று வெகு சிலரே. காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக் அத்தகையதே. சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் அது கட்டாயமாயிற்று. சென்னை மெட்ரோ இரயிலில் 2023இல் வந்த 'சிங்காரச் சென்னை' அட்டையும் அவ்வினமே. கடைகளில் காட்டிப் பொருள் வாங்கும் அட்டைகளும் உண்டு. எல்லாவற்றிற்கும் விதி ஒன்றுதான்: போட்ட அளவே எடுக்கலாம். தீர்ந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். நாம் மேலே சொன்ன நெறிமுறைகளின்படி, பெயர், எண் முதலிய சொற்ப விவரங்களை மட்டும் தந்து பெறும் அட்டையில் 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க இயலாது. முழு ஆவணங்களும் தந்தால் 2 இலட்சம் வரை வைக்கலாம். ரொக்கமாக நிரப்புவதற்கு மாதம் 50,000 ரூபாய் என்று எல்லை கட்டியிருக்கின்றனர்.

இவற்றோடு மற்றொரு விதியும் உண்டு. அட்டையில் கிடக்கும் இருப்புக்கு வட்டி கொடுக்கலாகாது. இதை வகுத்தவர்கள் ரிபாவை நினைத்து வகுக்கவில்லை. வைப்புநிதி வாங்கும் உரிமை வங்கிகளுக்கே என்பதால் வகுத்தார்கள். எனினும் சேமிப்புக் கணக்கில் மூன்று மாதத்துக்கொரு முறை வந்து விழும் வட்டிச் சில்லறையை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று கவலைப்படும் நம் குடும்பங்களுக்கு, வட்டியே தராத ஒரு பணப்பை வாய்த்தது பெரிய நிம்மதி. ஸகாத் கணக்கிடும்போது மட்டும் அட்டையில் கிடப்பதை மறந்துவிடலாகாது. அதுவும் நம் பணமே.

கடன் அட்டையின் கதை வேறு. 1950இல் நியூயார்க்கில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டை, மாத இறுதியில் முழுத்தொகையையும் கட்டிவிட வேண்டிய அட்டையாகவே இருந்தது. ஏறக்குறைய வாப்பாவின் முன்பக்கக் கணக்கு போல. 1958இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா 60,000 பேருக்கு, எவரும் கேளாமலேயே, அஞ்சலில் அட்டைகளை அனுப்பி வைத்தது. முழுவதும் கட்ட வேண்டியதில்லை, கொஞ்சம் கட்டினால் போதும், மீதிக்கு வட்டி என்னும் ஏற்பாடு அதிலிருந்துதான் ஊரெங்கும் பரவியது. கேளாமல் அட்டை அனுப்புவதை அமெரிக்கா 1970இல் தடை செய்தது. நம் நாட்டில் சென்ட்ரல் பேங்க் 1980இல் முதல் அட்டையை வெளியிட்டது. இன்று கேளாமல் அட்டை அனுப்ப இங்கும் இயலாது. கேட்க வைப்பதற்குத்தான் மாலை நேரத்துத் தொலைபேசி அழைப்புகள் இருக்கின்றனவே!

நாமும் கேட்டுத்தான் வாங்கினோம். அலுவலகத்திற்கு வந்த ஓர் இளைஞர், தவணைத் தேதிக்குள் கட்டிவிட்டால் ஒரு காசு வட்டி கிடையாது என்றார். அவர் சொன்னது உண்மை. நாம் கையெழுத்திட்ட தாளின் பொடி எழுத்துகளில், தேதி தவறினால் வட்டி கட்டச் சம்மதிக்கின்றோம் என்று இருந்ததும் உண்மை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடி ஆராய்ந்தது இந்தப் புள்ளியைத்தான். வட்டி நிபந்தனை எழுதப்பட்ட அட்டையை வெளியிடுவதும் கூடாது, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணத்தோடு அதைப் பயன்படுத்துவதும் கூடாது என்று அவ்வவை தீர்மானித்தது. 2004இல் மஸ்கத்தில் கூடியபோது, தன் கையிருப்பைக் கொண்டே செலவழிக்கும் அட்டைகள், வட்டி நிபந்தனை இல்லாதவரை ஆகுமானவை என்று அறிவித்தது. தேவையை முன்னிட்டு, தவறாமல் கட்டுவோர்க்குச் சலுகை அளிக்கும் ஆலிம்களும் உள்ளனர். நாம் அவர்களுடைய சலுகையைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் அட்டை வைத்திருந்தோம். ஒரு மாதமும் தேதி தவறவில்லை. அந்த இறுமாப்பு நமக்கு நிறையவே இருந்தது.

2018ஆம் ஆண்டு, மாதத்தின் 27ஆம் தேதி இரவு, நம் தங்கைக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. மச்சான் தம்மாமில் இருந்தார். ஊரிலிருந்து மதுரை வரை ஆம்புலன்ஸில் அவள் நம் கையைப் பிடித்த பிடி இன்னும் தழும்பாக இருப்பது போல் தோன்றுகின்றது. தனியார் மருத்துவமனை ஒன்றின் கவுண்டரில் 40,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். நம் கணக்கில் இருந்தது 3,100. மாதக்கடைசியில் சம்பளக்காரன் கணக்கில் வேறென்ன இருக்கும்? நாம் கடன் அட்டையை நீட்டினோம். இயந்திரம் ஒரு முறை கூவியது. தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். தங்கையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவள் பிழைத்தாள்.

ஆகவே அந்த அட்டையை முற்றும் தூற்ற நமக்கு நா எழவில்லை. முன்பண அட்டையே மேல் என்று எழுதுவோர் பலரும் விழுங்கிவிடும் இடம் இது. அன்றிரவு நம்மிடம் இருந்தது முன்பண அட்டை மட்டுமாயின், அது 'இருப்புப் போதாது' என்று சொல்லிவிட்டு வாய்மூடி இருந்திருக்கும். அதன் நேர்மையே அதன் கையாலாகாத்தனம்.

தங்கையின் சிகிச்சை நீண்டது. மச்சான் அனுப்பிய பணமும் நம் சம்பளத்தின் பெரும்பங்கும் மருந்துக்கும் பிற்பாடு செய்த இரண்டாம் அறுவைக்கும் போயின. அட்டைக்குரிய தேதி வந்தபோது முழுத்தொகை கையில் இல்லை. பட்டியலில் 'குறைந்தபட்சம் செலுத்த வேண்டியது 2,000' என்று அச்சிட்டிருந்தது. அதைக் கட்டினோம். ஆறு ஆண்டு இறுமாப்பு அன்றோடு முடிந்தது. அடுத்த மாதமும் அதையே கட்டினோம். அதற்கடுத்த மாதமும் அப்படியே.

வட்டி மாதம் மூன்றரை விழுக்காடு. ஆண்டுக்கு 42 என்பார்கள். வட்டிக்கு வட்டி ஏறுவதையும் சேர்த்தால் 51 ஆகின்றது. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு வரி வேறு. 40,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி 1,400. அதற்கு வரி 252. நாம் கட்டிய 2,000 ரூபாயில் 1,652 இவ்வாறு போக, அசலில் குறைந்தது 348 ரூபாய். ஓர் ஆண்டு முடிவில் 24,000 ரூபாய் கட்டியிருந்தோம். பாக்கி ஏறத்தாழ 34,700 நின்றது. அப்படியே மாதம் 2,000 கட்டிக்கொண்டு போனால் 44 தவணைகளில் கடன் தீரும். அதற்குள் நாம் கட்டியிருப்பது 86 ஆயிரத்துக்கும் மேலாகும். இதை அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் ஒரு தாளில் போட்டுப் பார்த்த பிறகு, அன்றைய சோறு இறங்கவில்லை. பாக்கி நிற்கும்போது அதே அட்டையில் அரைக்கிலோ சர்க்கரை வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதையும், வட்டியில்லாக் காலம் முழுதும் கட்டுவோர்க்கு மட்டுமே என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

வட்டிக்கு ஓர் எல்லை வேண்டும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கருதியது. ஆண்டுக்கு 30 விழுக்காட்டிற்கு மேல் வாங்குவது நேர்மையற்ற வணிக முறை என்றது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. சட்ட வாதத்திற்குள் நாம் புகவில்லை. இடர்ப்பட்ட கடனாளிக்கு வசதி வருமட்டும் அவகாசம் கொடு, தள்ளுபடி செய்தால் இன்னும் நல்லது என்று திருமறை சூரத்துல் பகராவில் பணிக்கின்றது. இங்கே இடர்ப்பட்டவனுக்குத்தான் வட்டி. வசதியுள்ளவன் தேதிக்குள் கட்டிவிட்டுப் பரிசுப் புள்ளிகளும் வாங்கிக்கொள்கின்றான்.

தொழுகையில் நிற்கும்போதெல்லாம் அந்த 34,700 நம் முன் வந்து நின்றது. வட்டி கொடுக்கின்றோம் என்பதை வீட்டில் சொல்லவில்லை. பட்டியல் வரும் நாளில் தபால்காரரை வாசலிலேயே மடக்கிக் கொள்வோம். ஒருநாள் பட்டியல் நம் துணைவியார் கையில் சிக்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. அவ்வாரமே ஊருக்குப் போனவர், நம் சாச்சாவிடம் சொல்லிவிட்டார்.

சாச்சா பினாங்கில் நாற்பதாண்டு உழைத்துத் திரும்பியவர், வாப்பாவின் இளவல். நாம் போய் எதிரில் உட்கார்ந்தோம். "அன்றைக்கு ராத்திரியே எனக்கு ஒரு போன் போட்டா என்ன தம்பி?" என்றார்.

"கேட்கக் கூச்சமா இருந்திச்சு சாச்சா."

"மெஷின்கிட்டே கூச்சமில்லையாக்கும்!"

பிறகு அவர் 35,000 ரூபாய் எடுத்து வைத்தார். கூடவே ஒரு வெள்ளைத் தாளையும் வைத்தார். சொந்த அண்ணன் மகனாயினும் எழுத வேண்டும் என்றார். திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்று நமக்கு நினைவூட்டினார். மாதம் 2,500 வீதம் 14 மாதம், வட்டியில்லை, சாட்சிகள் இருவர். நாம் தாளில் கையெழுத்திட்டபோது, வங்கித் தாளில் இட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. இங்கே பொடி எழுத்து ஏதுமில்லை.

சாச்சாவின் சொல் மட்டும் நெடுநாள் உறுத்தியது. நாற்பதாயிரம் ரூபாய் தரக்கூடிய உறவினர் நமக்கு நாலைந்து பேர் இருந்தனர். ஆயினும் இரவு பதினொரு மணிக்கு நாம் அவர்களில் ஒருவரையும் அழைக்காமல் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தேடியது ஏன்? அந்த இயந்திரம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த நிக்காஹ் விருந்தில் நம்மைக் கண்டு இன்னொருவர் காதில் ஏதும் சொல்வதில்லை. நாம் கட்டிய 42 விழுக்காட்டில் பணத்தின் விலை எவ்வளவோ, நம் கூச்சத்தின் விலை அதனினும் மிகுதி என்றே இன்று எண்ணுகின்றோம். கடன் வாங்குவது பாவமன்று. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. இதை மீலாது மேடைகளில் உருக்கமாகப் பேசுகின்றோம். நம் வீட்டுக்கு ஒருவர் கடன் கேட்டு வந்தால் மட்டும், அவர் போனபின் மூன்று நாள் அதையே பேசுகின்றோம்.

சாச்சாவின் பணத்தால் அட்டைக் கடனை அடைத்துவிட்டு, அட்டையை இரண்டாக வெட்டினோம். வெட்டினால் மட்டும் தீர்ந்துவிடாது. முறைப்படி மூட வேண்டும். எத்தனை தொலைபேசி அழைப்புகள்! மூடக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்று ரிசர்வ் வங்கி விதித்தது 2022இல்தான். நமக்கு அது பிந்தி வந்த விதி.

அதற்குப் பின் முன்பண அட்டைக்கு மாறினோம். மாதத்தின் முதல் தேதி வீட்டுச் செலவுக்குரியதை நிரப்புவோம். கண்ணுக்குத் தெரியும் பணம் குறையும்போது கை தானே சுருங்குகின்றது. இது வடக்குத் தெரு மாமி அறிந்திருந்த இரகசியம். ஆனால் இதிலும் ஒரு நாணம் உண்டு. ஒருநாள் மருந்துக்கடையில் 312 ரூபாய்க்கு அட்டையை நீட்ட, இருப்பு 290 என்று இயந்திரம் ஊரறியக் கூவிற்று. பின்னால் எட்டுப் பேர். இருமல் மருந்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு சேர்ந்தோம். துணைவியார் அன்று முழுதும் சிரித்தார். அந்த வெட்கம் 22 ரூபாயோடு போயிற்று. அதற்கு வட்டி ஓடவில்லை.

தங்கை மகன் இப்போது சென்னையில் வேலை பார்க்கின்றான். 2021இல் ஓர் அட்டையைக் காட்டி, "இது முன்பணம் போடுற அட்டைதான் மாமா, கிரெடிட் கார்டு இல்லை" என்றான். வாங்கிப் பார்த்தோம். பெயர் முன்பண அட்டைதான். ஆனால் அதில் பணத்தை நிரப்பியவன் அவனல்லன்; ஒரு கடன் நிறுவனம் அவன் பெயரில் கடன் கொடுத்து அதைக் கொண்டு நிரப்பியிருந்தது! போத்தலில் ஸம்ஸம் என்று எழுதிவிட்டால் உள்ளிருப்பது ஸம்ஸம் ஆகிவிடுமா? அவனுக்கும் இது முழுதாக விளங்கியிருக்கவில்லை. வங்கியல்லாதார் வெளியிடும் முன்பண அட்டைகளைக் கடன் தொகையால் நிரப்பக் கூடாது என்று 2022 ஜூன் 20 அன்று ரிசர்வ் வங்கி தடுத்தது. அதற்கு ஓர் ஆண்டு முன்பே அவன் அந்தக் கடனை அடைத்து, அட்டையைத் துறந்துவிட்டான். அவன் உம்மா இரண்டு நாள் அவனோடு பேசாதிருந்ததும் ஒரு காரணம்.

முன்பண அட்டைக்காரர்களைக் குறிவைக்கும் திருடர்களும் உண்டு. அமெரிக்காவில் கடையில் ரொக்கம் கொடுத்து, பின்பக்கத்தைச் சுரண்டினால் தெரியும் எண்ணைக் கொண்டு நிரப்பும் அட்டைகள் பெருவழக்கில் இருந்தன. வரிப் பாக்கி என்றும் மின்சாரத்தைத் துண்டிப்போம் என்றும் தொலைபேசியில் மிரட்டி, முதியோரை அந்த எண்ணைச் சொல்ல வைத்துப் பணத்தைக் கவர்ந்தனர். எண் போனால் பணம் போயிற்று, மீட்க வழியில்லை. நம் பெரியவர்களும் அட்டை எண்ணையோ கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ எவர் கேட்டாலும் சொல்லாதிருக்க வேண்டும்.

முன்பண அட்டை வைத்திருப்போனுக்குக் கடன் வாங்கும் தகுதிப் புள்ளி ஏறாது என்று மருமகன் குறைப்படுகின்றான். கடன் வாங்கித் திருப்பிக் கட்டினால்தான் மேலும் கடன் வாங்கத் தகுதியாம். மாமிக்கு இந்நாளில் எவ்வளவு புள்ளி கொடுப்பார்களோ, பூஜ்யமாகத்தான் இருக்கும்.

வாப்பாவின் நோட்டுக்கு வருவோம். அதன் பின்பக்கத்தில் முன்பணம் வைத்தவர்களின் பெயர்கள் முழுதாக, தகப்பன் பெயரோடு எழுதப்பட்டிருக்கின்றன. முன்பக்கத்தில், கடன்காரர் கணக்கில், ஒரு பெயர்கூட இல்லை. 'வேப்பமரம் - 14 ரூபாய்', 'கிணற்றடி - 9.50', 'நீலக்கதவு - 31' என்று இவ்வாறே பக்கம் பக்கமாகப் போகின்றது. கல்லாவின்மேல் விரித்துக் கிடக்கும் நோட்டில் சாமான் வாங்க வருபவர் எவர் கண்ணும் விழும் அன்றோ? ஆகவே கடன்பட்டவரின் பெயரை எழுதாமல், அவர் வீட்டு அடையாளத்தை எழுதிவைத்தார் வாப்பா. பிற கடைகளில் தொங்கும் 'கடன் அன்பை முறிக்கும்' பலகையை அவர் மாட்டியதே இல்லை. கடைசிப் பக்கங்களில், 1979க்குப் பிறகு, நாலைந்து அடையாளங்களின்மேல் குறுக்கே கோடிழுத்து 'ஹலால் செய்தேன்' என்று எழுதி, கீழே தேதி போட்டிருக்கின்றார். மொத்தம் கூட்டினால் 212 ரூபாய். அந்நாளில் அது சிறு தொகையன்று.

நம் குடும்பத்தார் 11 வீடுகள் சேர்ந்து 2020 ஜனவரி முதல் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒரு பொதுநிதி சேர்த்து வருகின்றோம். அவசரத்திற்கு வேண்டியவர் கேட்டு வாங்கி, தவணையில் திருப்பித் தரலாம். கூட்டித் தர ஒன்றுமில்லை. யார் வாங்கினார் என்பது கணக்கு எழுதுபவருக்கன்றி வேறெவருக்கும் தெரியலாகாது என்பது சாச்சா வைத்த ஒரே நிபந்தனை. கணக்கு எழுதுவது நம் துணைவியார். பழைய நோட்டை அவர் கையில் கொடுத்த அன்றே, புது நோட்டில் இருந்த பெயர்களை அடித்துவிட்டு அடையாளங்களாக மாற்றிக்கொண்டார்.

சென்ற வாரம் அவர் எழுதிக் கொண்டிருக்கும்போது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். 'முருங்கைமரம் - 12,000, வரவு 5,000, பாக்கி 7,000' என்று இருந்தது. நம் சொந்தத்தில் முருங்கை நிற்காத வீடு எது? யாரென்று கேட்டோம். நோட்டை மூடினார். மறுபடி கேட்டோம்.

"நோட்டைப் பார்க்க வந்தீங்களா, தேத்தண்ணி குடிக்க வந்தீங்களா?" என்றார்.